இடுப்பளவு மண்

1

இந்தக் கதை ஒரு செங்கல்லிலிருந்து வந்தது. மறைப்பானேன்?

ஸ்ரீரங்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்சுவரில் ஆணி அடித்தேன். கல் ஒன்று பிளந்து விழுந்தது. உள்ளே வளைந்து வளைந்து ஒரு துளை. மண்புழு. காலால் மிதித்துக் குழைத்தபோதும் சாகாமல், அச்சுக்குள் போய், சூளையில் வெந்திருக்கிறது. உடம்பு போய்விட்டது. அது கிடந்த இடம் மட்டும் மிச்சம்.

நான் சூளையில் மண் மிதித்து வளர்ந்தவன். எத்தனை புழுக்களை மிதித்திருப்பேன்?

2

முதல் தொடக்கம்: 'கொள்ளிடக் கரையில் விடியற்காலைப் பனி மெல்ல…'

(வேண்டாம். மண் வெட்டுகிறவனுக்கு விடியற்காலை என்றால் இடுப்புவலி.)

இரண்டாவது: '1956இல் வெள்ளைச்சாமி என்ற கூலியாள், கொள்ளிடத்து ஓரம் ஒரு வாழைக்கொல்லையின் மேல்மண்ணை வெட்டிச் சூளைக்கு அனுப்பினான்.' இது இருக்கட்டும். ஆள் கற்பனை. அந்தமாதிரிப் பள்ளத்தில் நானே நின்றிருக்கிறேன்.

கறுத்த மண். ஒரு வெட்டுக்கு ஏழெட்டுப் புழு நெளியும். மற்றவர்கள் முழங்காலளவில் நிறுத்தினார்கள். இன்னும் நல்ல மண் இருக்கிறதே என்று இடுப்பளவுக்கு இறங்கியவன் வெள்ளைச்சாமிதான். கீழே வெளுத்த களிமண் தெரிந்த பிறகுதான் ஏறினான். நிலக்காரர் மெச்சிக்கொண்டு, அந்தப் பள்ளத்திலேயே குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார். அவனுக்கு ஒரே சந்தோஷம்.

1959 ஐப்பசியில் அவன் பெண்சாதி காளியாயிக்குத் தலைப்பிள்ளை செத்துப் பிறந்தது. குடிசைக்குப் பின்னால் புதைத்து, மேலே தென்னங்கன்று வைத்தார்கள். அவள் வீட்டு வழக்கம் அது. கன்று குருத்து விட்டால் பிள்ளை மண்ணோடு சேர்ந்துவிட்டது என்று கணக்கு.

3

வைத்தபோது கன்றுக்கு நாலு ஓலை. இரண்டு வருஷம் கழித்தும் நாலு ஓலை. வாடவும் இல்லை, வளரவும் இல்லை.

(இதை நானே நம்பவில்லை. கன்று என்றால் வளரும், இல்லாவிட்டால் சாகும். ஒரு பிரதியில் ஐந்து ஓலை என்று மாற்றினேன். மறுநாள் எடுத்துப் படித்தால் நாலு என்றுதான் இருந்தது. என் கையெழுத்துத்தான்.)

தை மாதம் காளியாயி அடியில் அப்பிய சாணம், அடுத்த தையிலும் அவள் ஐந்து விரலும் பதிந்தபடி அப்படியே கிடந்தது.

கன்று விற்ற ஜெகபர் சாதிக் ஓர் உச்சிவேளையில் சைக்கிளில் வந்து பார்த்தார்.

"என்ன பாய், பொம்மைக் கன்ன தலையில கட்டிட்டீங்களா?" என்றான் வெள்ளைச்சாமி.

"என் கன்ன ஏன்யா குத்தம் சொல்ற? ஒன்னையும் இந்தக் களியில கழுத்தளவு நட்டு வச்சா இப்படித்தான் நிப்ப." ஒரு பிடி மண்ணை எடுத்து மோந்தார். "வாடையே இல்லையே. ஒரு புழு இல்ல, எறும்பு இல்ல. செத்த மண்ணுய்யா இது. இதுல எதப் போட்டாலும் மக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் வாசலில் காளியாயி நிற்பதைப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

4

அப்போது காளியாயி மறுபடி மூன்று மாதம்.

"அப்ப அவன்?" என்றாள்.

"எவன்?"

"உள்ள படுத்திருக்கறவன். மக்காதுன்னா அப்படியே தான கெடப்பான்? பொறந்த மாதிரியே?"

"வாய மூடுடி."

"ரெண்டு வருசமா அவன் தலைமாட்டுல தண்ணி ஊத்திக்கிட்டு இருந்திருக்கேன்யா. அவன் போகாம இவன் எப்படி வருவான்?" வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். "தோண்டிப் பாரு. இல்ல, நான் தொட்டியத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். குருத்து விட்டா ஆள் அனுப்பு."

வெள்ளைச்சாமி அவளை…

(இங்கே அவனை அழவைத்திருந்தேன். அழுதால் நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

5

முடிவுகள்.

அவன் தோண்டுகிறான். பிள்ளை இல்லை, எலும்புகூட இல்லை. களிக்குள் பிள்ளை கிடந்த வடிவில் ஒரு குழிவு மட்டும். மடக்கிய முழங்கால் தெரிகிறது. இதை எழுதியபின் மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை.

அல்லது, தோண்டவில்லை. ஆற்று வண்டலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து கொட்டுகிறான். இடுப்பளவு சேர எத்தனை வருஷம் ஆகுமோ. அவளுக்கு இருப்பது ஆறு மாதம்.

மூன்றாவதாக ஒன்று எழுதி, சூளைக்காரன் பிள்ளை நான், நெருப்பில் போட்டுவிட்டேன்.

இப்போது உச்சிவெயில். வெள்ளைச்சாமி கன்றின் பக்கத்தில் நிற்கிறான். காலடியில் மண்வெட்டி. தலையில் முதல் கூடை வண்டல்; அதன் விளிம்பில் ஒரு புழு, உயிரோடு. என் பின்சுவர் எழுந்ததும் 1956இல்தான் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அதில் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன். வெந்த மண்ணைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

உங்கள் வீட்டுச் சுவர் எந்தக் கொல்லையின் மண்ணோ, எனக்குத் தெரியாது. அவன் உங்களைத்தான் பார்க்கிறான். கூடையைக் கவிழ்க்கவா, மண்வெட்டியை எடுக்கவா?

சீக்கிரம் சொல்லுங்கள். அவள் மூட்டையை இடுப்பில் ஏற்றிவிட்டாள்.