விதைப்பன்று மதுரைக்குப் போனவன்

ஏழாம் மாதமே அவசரப்பட்டுப் பிறந்த மகளின் கண்ணில் ரத்தக்குழாய்கள் மளமளவென்று வளர்வதாக மதுரைக் கண் டாக்டர் ரேணுகாதேவி சொன்னதும், மாரீஸ்வரனுக்கு வாயெல்லாம் பல்.

"வளந்தா நல்லதுதான டாக்டரம்மா? வேரு ஓட ஓடத்தான பயிரு நிக்கும்?"

திருச்சுழிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன் வேறெப்படி நினைப்பான்! பக்கத்திலிருந்த மனைவி தங்கச்செல்விதான் சிரிக்கவில்லை.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். குறைமாதப் பிள்ளைக்கு விழித்திரையின் ஓரம்வரை குழாய் போய்ச் சேர்ந்திருக்காது. ரத்தம் எட்டாத ஓரம், வளர்ச்சிக் காரணி என்றொரு புரதத்தைச் சுரந்து குழாய்களைக் கூப்பிடும். அளவாகக் கூப்பிட்டால் ஒழுங்காக வளரும். இங்கே கூப்பாடு மிஞ்சிவிட்டது. முளைத்ததெல்லாம் நோஞ்சான் குழாய்கள்; கசியும், திரையையே பிய்த்து இழுக்கும். அப்புறம் பார்வை கிடையாது.

"எங்க காட்டுச் சீமைக்கருவேலம் மாதிரில்ல இருக்கு" என்றான் மாரீஸ்வரன். சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

அந்தப் புரதத்தை அடக்கக் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். மகள் கொஞ்சம் அழுதுவிட்டுத் தூங்கிப்போனாள். வாசலில் மயங்கி விழுந்தது அப்பன்தான். குழாய்கள் சுருங்கின.

"மருந்து வேகம் குறைஞ்சா திரும்ப முளைக்கலாம். சொன்ன தேதிக்கு வந்துடுங்க" என்றார் டாக்டர்.

அந்தத் தேதிக்கு முந்தின நாள்தானா மழை கொட்ட வேண்டும்! விடிந்ததும் ஊரே குதிரைவாலி விதையோடு காட்டுக்கு ஓடியது. பங்காளி பால்சாமி பஸ் நிறுத்தத்தில் வழிமறித்தான்.

"ஏலே, பிள்ள கண்ணு நல்லாத்தான இருக்கு? ஈரம் காயுதுல்ல. அடுத்த வாரம் போயேன்."

பொய் சொல்வானேன், மாரீஸ்வரனுக்கும் கால் காட்டுப் பக்கம்தான் இழுத்தது. ஆனால் கோடையில் அவனே வெட்டிய சீமைக்கருவேலத்தின் அடிக்கட்டை ரோட்டோரம் நின்றது. அதில் விரல் நீளத்துக்குத் துளிர்.

"கருவேலத்த வெட்டிப்புட்டு அந்தப் பக்கம் எட்டிப் பாக்காம இருப்பியால?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினான்.

டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "வலது கண்ணுல மறுபடி தலைகாட்டுது. நல்லவேளை, இன்னைக்கே வந்தீங்க. அடுத்த வாரம்னா என் கையில இருந்திருக்காது."

தங்கச்செல்வி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே லேசர் வைத்தார்கள். சில வாரம் மதுரையிலேயே தங்கி அடுத்தடுத்துக் காட்டியதில் நோஞ்சான் குழாய்கள் அடங்கியே கிடந்தன. திரைக்கு ஒரு குறையுமில்லை. இனிப் பயமில்லை என்றார் டாக்டர்.

ஊர் திரும்பியபோது பால்சாமியின் காடு பச்சையாக நின்றது. மாரீஸ்வரனின் காடு வெறும் கறுப்பு.

"உன் காடுதான்ல மொட்டையாக் கெடக்கு" என்று வருத்தப்பட்டான் பால்சாமி.

"கெடக்கட்டும்லே. உன் காட்டுல ஒரு பயிரப் பிடுங்கி எம் மவ கண்ணு முன்னால ஆட்டு."

பால்சாமி ஆட்டினான். அந்தப் பச்சை போன பக்கமெல்லாம் இரண்டு சின்னக் கண்களும் கூடவே போயின. மாரீஸ்வரனுக்கு வாயெல்லாம் பல். இன்னொரு தரம் ஆட்டச் சொல்லிக் கையால் காட்டினான்.