முதற்கனியின் மூத்த தாரம்

குடுமியை அறுத்துச் செம்மணல் தேரியில் போட்டுவிட்டு அவர் கூரைக் கோயிலுக்குள் நுழைகிறார், தேரிக்காற்று அந்த மயிர்க்கற்றையை உருட்டிக்கொண்டு போய் வெளியே நிற்கிறவளின் காலடியில் சேர்க்கிறது, அவளுக்கு நிறைமாசம், உள்ளே போகிறவர் சுடலையாண்டி, திரும்பி வரும்போது ஞானாபரணமாக வருவார், கூடவே இளைய தாரமும் அவள் பெற்ற ஆண்பிள்ளையும் வருவார்கள், இவள் முத்துப்பேச்சி, மூத்தவள், ஒருத்தியை மட்டும் வைத்துக்கொள் என்று வெள்ளைக்காரப் பாதிரி ஐயர் சொல்லிவிட்டார், ஆகவே இவள் வெளியேதான், ஏதோ பார்த்தவன்போலச் சொல்கிறேன், நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய காலை அது, ஆனாலும் கண்ணை மூடினால் அந்த மணல் என் பல்லில் நறநறக்கிறது. அந்த ஆண்பிள்ளையின் வழியில் வந்த எங்கள் குடும்பத்தில் ஞானாபரணத்தை முதற்கனி என்போம், ஊரில் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றவர், கிறிஸ்துவுக்காக எல்லாவற்றையும் துறந்தார் என்று வருஷம் தப்பாமல் பிரசங்கத்தில் வருவார், எல்லாம் என்றால் என்னென்ன என்று யாரும் கேட்டதில்லை, துறந்ததில் குடுமியை நினைத்துத்தான் ரொம்ப நாள் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தாராம், அப்பா சொன்னது, அப்பாவுக்கு வாய் நீளம், சொத்தாக எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

பந்தல் போட்டாயிற்று, நூற்றைம்பதாவது ஆண்டு விழா, கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு உள்ளேயே மேடை, முதற்கனியின் கல்லறைக்குப் புதிதாகப் பளிங்கு, அதில் பாக்கியநாதன் பெரியப்பா தன் பெயரை முதற்கனியின் பெயரைவிட ஒரு விரற்கடை சின்னதாக வெட்டச் சொல்லியிருந்தார், பணிவு. அப்போதுதான் வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நிற்கிறது, அதில் ஒரு சவப்பெட்டி, பெட்டியைப் பிடித்துக்கொண்டு தங்கப்பழம், உப்பளத்தில் வேலை செய்கிறவள், முத்துப்பேச்சி வழியில் வந்தவள், அவர்களும் பின்னால் ஞானஸ்நானம் பெற்று வேதத்துக்கு வந்தவர்கள்தான், பெட்டிக்குள் அவள் அண்ணன் தாசையன். விடியக்காலம் போயிட்டான், பாட்டன் காலடியில என்னைய வையின்னு ஒரே பிடியா கேட்டான், பளிங்கெல்லாம் வேண்டாம், ஆறடி போதும், என்றாள். பெரியப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டார், இது முதற்கனி வம்சத்துத் தோட்டம்மா. அப்போ நாங்க என்ன கனி, பாட்டன் ஒருத்தருதான? அது ஞானஸ்நானத்துக்கு முந்துன சங்கதி, கணக்குல வராது. தங்கப்பழம் சிரித்தாள், அழுது முடித்தவள் சிரிக்கிற சிரிப்பு, ஏன் பெரியவரே, ஞானஸ்நானத்துக்கு முந்தி கட்டுன தாலின்னா அது மாட்டுக்கயிறா? பெரியப்பா என் பக்கம் திரும்பினார், ஏலே, நல்ல நாளும் அதுவுமா இவளப் பேசி அனுப்பு, ஒனக்குத்தான் பேச்சு வருமே. ஓரமா ஒரு குழிதான பெரியப்பா, என்றேன். இன்னைக்கு ஒரு குழிம்ப, நாளைக்கு ஒரு கூட்டமே மதிலேறி வரும், என்றார், எங்கள் சபை ஐயர் வேதப்புத்தகத்தில் எதையோ தேடுகிறவர்போலக் குனிந்துகொண்டார், தேடிய இடம் அகப்படவில்லை போலும்.

குடும்ப சரித்திரம் வாசிக்கிற வேலை எனக்கு, எழுதிப் பிழைக்கிறவன் என்று, எழுதிக் கெட்டவன் என்பது அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது, மைக்கின் முன் நிற்கிறேன், முதற்கனி துறந்தவை, மாடன் பீடம், கள்ளுக்கலயம், குடுமி, கூட்டம் தலையாட்டுகிறது, அப்புறம் முத்துப்பேச்சி, நிறைசூலி, அவள் வழிப்பிள்ளை இப்போது வாசலில், என்றேன், வாசலில் என்றது என் காதுக்கே எட்டவில்லை, மைக் செத்திருந்தது, பெரியப்பாவின் கையில் வயர், பாடகர் குழு உடனே எழுந்து பாடத் தொடங்கியது, எல்லாவற்றையும் துறப்பதைப் பற்றிய பாட்டுத்தான்.

இறங்கி நடந்தேன், மதிலுக்கு வெளியே, முத்துப்பேச்சியைப் புதைத்ததாகச் சொல்லும் தேரிமேட்டில், நானும் தங்கப்பழமும் வண்டிக்காரரும் தோண்டுகிறோம், தேரிமணலில் குழி நிற்காது, எடுக்க எடுக்கச் சரியும், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையால் அள்ளுகிறோம், எந்தக் காலத்து மணலை அள்ளுகிறேன் என்று தெரியவில்லை, உள்ளே யாருக்கோ பெயர் வைக்கிறார்கள், பக்கத்தில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நிமிர்ந்தால் தங்கப்பழம், இடுப்பில் கை ஊன்றி மூச்சு வாங்குகிறாள். பெட்டியை இறக்கக் கயிற்றைப் பிடித்தேன். இரிங்க அண்ணாச்சி, என்றாள், நமக்கு ஐயரு வரமாட்டாரு, முடியும்போது அவங்களுக்கு ஆசீர்வாதம் சொல்லுவாருல்லா, அது மதிலுக்கு இங்கயும் கேக்கும், அதுலயே எறக்கிருவோம். நின்றோம், பெட்டி மூடியில் மணல் படிந்துகொண்டிருந்தது, ஒலிபெருக்கி கரகரத்தது, ஐயரின் குரல் எல்லாருக்கும் சமாதானம் சொன்னது, ஆமென் என்று தங்கப்பழம் கயிற்றைத் தளர்த்தினாள், பெட்டி இறங்கியது, நாங்கள் தொடும் முன்பே குழி தன்னைத் தானே மூடிக்கொள்ளத் தொடங்கியது, அடுத்துப் பெரியப்பாவின் குரல், எல போட்டாச்சு, முதல் பந்தி முதற்கனி வம்சத்தாருக்கு மட்டும், வந்து உக்காருங்க. தங்கப்பழம் மணலைக் காலால் தள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள், போங்க அண்ணாச்சி, ஒங்களத்தான் கூப்பிடுதாவ.