கட்டிலுக்கு அடியில் அரிசி

புகுந்த வீட்டில் அவளுக்குப் ‘பாதிவிலை’ என்று பெயர். வைத்தவள் நாத்தனார். அதில் அவளுக்கு வருத்தமில்லை. சலவைக் கடையில் நாளெல்லாம் நின்று இஸ்திரி போடுகிறவளுக்குக் காசின் அருமை தெரியாதா? காய்கறியைக் கடை மூடுகிற நேரம் பார்த்துத்தான் வாங்குவாள். சோப்பும் எண்ணெயும் தள்ளுபடி போட்டால்தான் வீட்டுக்குள் வரும். பாக்கெட் அரிசி விலை ஏறியதும், ஊருக்கு வெளியே இருந்த மொத்த விலைக் கிடங்குக்கு நாத்தனாரையும் இழுத்துக்கொண்டு போனாள்.

“ரெண்டு மூட்டையா எடுத்தா இன்னும் குறைச்சுத் தரேன்மா” என்றார் கிடங்குக்காரர். “எத்தனை மாசம் வச்சிருந்தாலும் ஒரு வண்டு வராது. நான் கேரண்டி.”

“வண்டே வேண்டாம்னு சொல்ற அரிசிய நாம எப்படி அண்ணி சாப்பிடறது?” என்று நாத்தனார் சிரித்தாள். ஆனாலும் ஆளுக்கொரு மூட்டை வாங்கிக்கொண்டார்கள்.

அவள் வீட்டுச் சமையலறையில் ஒருவர் உள்ளே நின்றால் இன்னொருவர் வெளியே நிற்க வேண்டும். மூட்டையை மகளின் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். “அரிசி மூட்டை மேல தூங்குற ராஜகுமாரி” என்று மகளைக் கேலி செய்தான்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். ஜன்னலை இறுகச் சாத்திக்கொண்டு மகள் தன் அறையிலேயே கிடந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது தலை வலிக்கிறது என்றாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள்.

முந்தின நாள் பாதி விலைக்கு வாங்கிய ரொட்டியின் ஞாபகம்தான் அவளுக்கு முதலில் வந்தது. “கண்டதையும் வாங்கிப் போட்டுப் புள்ளைய இப்படிப் பண்ணிட்டேனே” என்று தன்னையே திட்டிக்கொண்டு, மகளை மறுபடியும் அதே கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்தினாள். ஈரக் காற்று படக்கூடாது என்று கதவையும் சாத்திவிட்டு வந்தாள்.

கஞ்சியோடு திரும்பி வந்து கதவைத் திறந்ததும் பூண்டு வாசனை முகத்தில் அடித்தது. வீட்டில் பூண்டே இல்லை. விலை இறங்கட்டும் என்று அவள் வாங்காமல் இருந்தாள்.

“அம்மா, மூச்சு விட முடியலம்மா.”

குனிந்து மூட்டையை இழுத்தாள். ஜன்னல் இடுக்கு வழியாக வழிந்த மழைநீரில் சாக்கின் அடிப்பாகம் ஊறியிருந்தது. வாயைப் பிரித்தபோது அரிசிக்கு நடுவே ஒரு சின்னத் துணிப் பொட்டலம். அதிலிருந்து சாம்பல் நிறத்தில் பொடி கசிந்திருந்தது. வாசனை அங்கிருந்துதான் வந்தது. அவளுக்கே தலை சுற்றியது. கஞ்சிக் கிண்ணம் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியாது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பில்லாமல் மழையில் தெருவுக்கு ஓடினாள்.

மருத்துவமனையில் பொட்டலத்தைப் பற்றிச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறியது.

“வண்டு மாத்திரை. கிடங்குல தானியத்துக்கு வைக்கிறது. ஈரம் பட்டா, ஈரக் காத்து பட்டாக்கூட விஷவாயு வரும். வீட்டுக்கு வர்ற மூட்டையில இருக்கவே கூடாதும்மா.”

“மாத்து மருந்து குடுத்துடுங்க டாக்டர்.”

“இதுக்கு மாத்து மருந்து கிடையாது. மூச்சையும் இதயத்தையும் கூடவே இருந்து பார்த்துக்கணும். சீக்கிரம் கொண்டு வந்துட்டீங்க. உங்க வீட்ல வேற யாராவது அந்த ரூம்ல இருந்தாங்களா?”

இல்லை என்று தலையாட்டியவள் அப்படியே நின்றுவிட்டாள். இன்னொரு மூட்டை!

நாத்தனாருக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. பகலில் ஒற்றை அறை வீட்டில் கதவு, ஜன்னல், திரை எல்லாம் மூடிக்கொண்டு தனியாகத் தூங்குவாள். அவளுக்குப் போன் செய்தாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. கணவனைக் கூப்பிட்டாள். அவன் மருத்துவமனைக்குப் பாதி வழியில் வந்துகொண்டிருந்தான்.

“நீங்க இங்க வராதீங்க. உங்க தங்கச்சி வீட்டுக்குப் போங்க. அரிசி மூட்டையில விஷம் இருக்கு. கதவை உடைச்சாவது அவள வெளிய கொண்டு வாங்க.”

“புள்ளைக்கு எப்படி இருக்கு?”

“புள்ளகிட்ட நான் இருக்கேன். ஓடுங்க!”

பிறகு அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகளின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு முறை இறங்கிய நெஞ்சு ஏறத் தாமதமானபோது கண்ணாடியைப் படபடவென்று தட்டினாள். நர்ஸ் ஓடிவந்து ஆக்சிஜன் முகமூடியைச் சரிசெய்தாள். கையில் இருந்த போன் மட்டும் பேசாமல் கிடந்தது. நான்தானே நாத்தனாரைக் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனேன் என்ற ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது.

நாத்தனாரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். பின்னால் நனைந்துபோய்க் கணவன் வந்தான். வேலைக்கு எடுத்துப் போகும் கம்பியால் பூட்டை நெம்பித் திறந்தானாம். கதவுக்குப் பக்கத்தில் தரையில் சுருண்டு கிடந்தாளாம்.

“எழுந்து வரப் பார்த்திருக்கா. முடியல” என்றான்.

மகள் மறுநாளே கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். நாத்தனாருக்கு இதயத்துடிப்பு ஒழுங்குக்கு வரவில்லை. இன்றைக்குத் தாண்டினால் போதும், இன்றைக்குத் தாண்டினால் போதும் என்று டாக்டரம்மா ஒவ்வொரு நாளும் சொன்னார். அதிகாரிகள் கிடங்கைப் பூட்டி சீல் வைத்துவிட்டு, அங்கே வாங்கியவர்களை வீடு வீடாகத் தேடிப் போனார்கள். கிடங்குக்காரரைப் போலீஸ் கொண்டுபோனது. எதையும் அவள் காதில் வாங்கவில்லை.

ஒருவழியாக முகமூடியைக் கழற்றிய அன்று நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“என்னை மன்னிச்சுடு. மலிவு மலிவுன்னு உன்னையும் கொண்டு போய் மாட்டி விட்டேன்.”

“நானும் ஆசைப்பட்டுத்தானே வந்தேன். எனக்கு மட்டும் காசு என்ன மரத்துலயா காய்க்குது?” நாத்தனாருக்குக் குரலே எழும்பவில்லை. “நீங்க போன் அடிச்சது கேட்டுச்சு அண்ணி. கைய நீட்டினேன். எட்டல.”

அவள் பிடித்த கையை விடவில்லை.

வீடு திரும்பிய பிறகும் மகள் அந்த அறைக்குள் போக மறுத்தாள். அவளும் வற்புறுத்தவில்லை. ஜன்னல்களை எல்லாம் திறந்து போட்டுவிட்டு மூவரும் கூடத்தில் படுத்தார்கள்.