தெரியாது என்று சொன்ன டாக்டர்

எம். புதுப்பட்டி கிராமத்து மாரிசெல்விக்கு முதலில் இடது கண் போனது. பட்டாசுக் கம்பெனியில் சங்குசக்கரம் சுற்றும் வேலை அவளுக்கு. ஒரு நாள் காலையில் விழித்தபோது அந்தப் பக்கம் புகை மூடினாற்போல் இருந்தது. பிறகு புகையும் இல்லை, இருட்டுதான். அந்த வருஷம் ஆடி மாதம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது. அவள் புருஷன் முனியராஜ் அவளைத் தூக்கிக்கொண்டு விருதுநகருக்கு, டாக்டர் ஆவுடைத்தாயிடம் வந்தான்.

"பட்டாசு மருந்துத் தூளுதான் இவளத் தின்னுருச்சு டாக்டரம்மா. நீங்க வேற என்ன சொல்லப் போறீக?"

அந்தக் கம்பெனி ஆவுடைத்தாயின் பெரியப்பா மகன் சபரிநாதனுடையது. அது முனியராஜுக்கும் தெரிந்திருந்தது.

நரம்பு டாக்டரான அவள் 2004-இல் மதுரை, திருநெல்வேலி டாக்டர்கள் சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கியிருந்தாள். நோயை எதிர்க்க வேண்டிய சக்தி நரம்பையே தாக்கினால் என்ன செய்வது என்று ஆராய்வதற்கான சங்கம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மிளகாய் வத்தல் மண்டிக்கு மேலே உள்ள அறையில் கூடுவார்கள். கீழே மூட்டை இறங்கும்போதெல்லாம் மேலே எல்லோரும் தும்முவார்கள். தனியாகத் தீர்க்க முடியாத கேஸை ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்து விவாதிப்பார்கள். இப்போது சங்கம் வளர்ந்து, முதல் மாநாடு நடத்தும் அளவுக்கு வந்திருந்தது. மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் சபரிநாதன் பொறுப்பேற்றிருந்தார்.

மாரிசெல்வியின் கேஸை ஆவுடைத்தாய் சங்கத்தில் வைத்தாள். கண்ணையும் தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்கும் ஒரு நோய்க்குப் புதிதாக ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது, வெளிநாட்டில்தான் செய்வார்கள் என்றார் சங்கச் செயலாளர் நல்லசிவம். ரத்தத்தை அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை ஆவுடைத்தாய்க்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிட உட்காருவாள், பாதியில் எழுந்து கம்ப்யூட்டரைத் திறந்து பார்ப்பாள். அந்த நோய் இல்லையென்றால் மாரிசெல்விக்கு என்ன வைத்தியம் என்று தெரியாது. இருக்கிறதென்றால்? அண்ணன் கம்பெனிமேல் பழி இல்லை என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டிவரும்.

அந்த நோய்தான் என்று முடிவு வந்தது.

"வேலியே பயிர மேஞ்ச கதைதான் முனியராஜ். உடம்பக் காக்க வேண்டியதே நரம்ப அரிக்குது. மாத்திரையால அத அடக்கலாம். ஆனா விடாமச் சாப்பிடணும்."

"அப்ப கம்பெனி மேல தப்பில்ல?"

"இந்த நோய்க்கு அதுதான் காரணம்னு சொல்ல எங்கிட்ட ஆதாரம் இல்ல."

"அண்ணனுக்குத் தங்கச்சி வேற எப்படிப் பேசும்?" என்று அவன் மனைவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். மாத்திரைச் சீட்டு மேசையிலேயே கிடந்தது. இருக்கன்குடியில் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, கோயிலிலேயே தங்கியிருக்கிறார்கள் என்று நர்ஸ் சொன்னாள். ஆவுடைத்தாய் காரை எடுத்துக்கொண்டு போனாள். அவளைப் பார்த்ததும் முனியராஜ் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்தான். பாயில் படுத்திருந்த மாரிசெல்வி மட்டும் சொன்னாள்: "நீங்க பொய் சொல்றீகன்னு நான் நினைக்கல. ஆனா அவுக இல்லாம நான் எப்படி வருவேன், சொல்லுங்க?"

மாநாடு நெருங்கியது. சபரிநாதன் ஆஸ்பத்திரிக்கே வந்தார். "நல்ல சேதி கேள்விப்பட்டேன் தாயி. மேடையில ஒரு வார்த்த சொல்லிரு, பட்டாசு மருந்தால நரம்புக்கு ஒண்ணும் வராதுன்னு. பேப்பர்காரங்களையும் கூப்பிட்டிருக்கேன்."

"நான் கண்டது ஒருத்தியோட நோய்ண்ணே. அம்புட்டுப் பேருக்கும் எப்படிச் சொல்வேன்?"

"சொல்லுவ," என்று சிரித்துக்கொண்டே போனார்.

மாநாட்டன்று மண்டபம் நிறைந்திருந்தது. சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ஆவுடைத்தாய் மாரிசெல்வியின் பெயரைச் சொல்லாமல் நோயை மட்டும் விளக்கி முடித்தாள். முன்வரிசையிலிருந்து சபரிநாதன் எழுந்தார்.

"அப்ப பட்டாசு மருந்தால நரம்புக்குக் கெடுதல் இல்ல, சரிதானம்மா?"

நல்லசிவம் கண்ணாலேயே கெஞ்சினார். அடுத்த மாநாடும் இந்த அண்ணனை நம்பித்தான் இருந்தது.

"தெரியாது," என்றாள். "இந்த ஒரு பெண்ணுக்கு வந்த நோய் எதுன்னு தெரியும். தினமும் அந்தத் தூள்ல உட்கார்ந்திருக்கிற மத்தவங்க நரம்புக்கு என்ன ஆகுதுன்னு தெரியாது. ஏன்னா நாம யாரும் போய்ப் பார்க்கல. இந்தச் சங்கம் இனிமே அதப் பார்க்கணும்."

சபரிநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியேறினார். அவருடன் வந்தவர்களும் எழுந்தார்கள். மத்தியானம் நல்லசிவம் அவளிடம் வந்து, "சங்கத்த வளக்க நெனச்சோம், வேரையே வெட்டிட்டீங்க," என்றார்.

அடுத்த வாரம் முனியராஜ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான். தோளில் மாரிசெல்வி, இன்னும் மெலிந்திருந்தாள்.

"ஒங்க அண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போனாராம்ல. நீங்க அவருக்காகப் பேசலன்னு கம்பெனி பூரா அதே பேச்சுதான். மாத்திரையக் குடுங்க."

இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. கால்கள் மெல்ல மெல்ல உயிர்பெற்றன. தைப் பொங்கலுக்குள் சுவரைப் பிடித்து நடந்தாள்.

சங்கத்திலிருந்து பாதிப் பேர் விலகியிருந்தார்கள். மீதிப் பேர் திரும்பவும் வத்தல் மண்டி மாடிக்கே வந்தார்கள். நல்லசிவமும் முறைத்துக்கொண்டேதான் வந்தார். புதிதாகப் படிப்பு முடித்த இரண்டு டாக்டர்கள் தாமாக வந்து சேர்ந்தார்கள். புதுப்பட்டியில் பரிசோதனை முகாம் போட்டபோது பெண்கள் ஊசிக்குப் பயந்து கதவைச் சாத்தினார்கள். மாரிசெல்வி கம்பு ஊன்றி வீடு வீடாகப் போனாள்.

"வாங்கக்கா. ஒரு ஊசிதான். நமக்கு என்ன ஆகுதுன்னு நமக்கே தெரிய வேண்டாமா?"

தூளால் கெடுதல் உண்டா இல்லையா என்று அந்த வருஷம் முடிவாக எதுவும் தெரியவில்லை. இன்னும் நிறையப் பேரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. ஆவுடைத்தாய் அடுத்த முகாமுக்கு இடம் தேடி அலைந்தாள். அண்ணனுக்குப் பயந்து எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்கவில்லை; கடைசியில் முனியராஜ் தன் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டான்.