வ… ட்டேன்

"அப்பா, நான் வ… …ட்டேன்."

அவ்வளவுதான் கேட்டது. நடுவில் இருந்ததைப் போன் விழுங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், "அம்மாடி! அம்மாடி!" என்று தொண்டை கிழியக் கத்தினார். யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் ஒரு சத்தம் வந்தது, லைன் அறுந்தது.

வந்துட்டேன் என்றாளா, வரமாட்டேன் என்றாளா? இந்தப் பாழாய்ப்போன இரண்டு வார்த்தைக்கும் தலையும் வாலும் ஒன்றாகவா இருந்து தொலைக்க வேண்டும்! ஆனால் வந்திருக்க வழியில்லை. மகள் இருப்பது கடல் தாண்டி. அப்படியென்றால் வரமாட்டேன்தான்.

அவள் ஏன் வருவாள்? தானே பார்த்துக்கொண்ட மாப்பிள்ளையோடு கிளம்பியவளிடம், "இனி இந்த வாசல் பக்கம் வராதே" என்று சொன்ன மகானுபாவர் இவர்தான். கல்யாணத்துக்கும் போகவில்லை. வீம்பெல்லாம் கரைந்து, போன வாரம்தான் மச்சினனைக் கூப்பிட்டு, "ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுப்பா" என்று சொல்லியனுப்பினார். அதற்கான பதில்தான் இப்படி நடுவில் ஓட்டை விழுந்து வந்திருக்கிறது.

மச்சினனுக்கு வீட்டில் 'டவர்' என்று பெயர். அக்கா செத்த பிறகும் மாமாவை விட்டுப் போகாமல் தங்கிவிட்ட நல்ல மனுஷன். ஆனால் சிக்னல் விஷயத்தில் அவனுக்குத் தெரிந்தது கால்வாசி, சொல்வது முழுசு.

"வீடியோவ அணைங்க மாமா. வைஃபையும் வேணாம், மொபைல் டேட்டாவுல பேசுங்க. பின்னாடி ஓடுற ஆப்பெல்லாம் மூடுங்க. கால் செட்டிங்ல 'குறைஞ்ச டேட்டா'ன்னு இருக்கும், அதப் போடுங்க. ஜன்னல்கிட்ட வாங்க. இயர்போனக் கழட்டுங்க. இல்ல, மாட்டுங்க."

"ஒவ்வொண்ணா செய்யேன்ப்பா! எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

கீழே கடையில் அவர் வேலை செய்யும் விதமே அதுதான். ஒரு லென்ஸை மாற்றுவார், "இது தெளிவா, முன்னது தெளிவா?" என்று கேட்பார், பிறகுதான் அடுத்ததைத் தொடுவார். டவரோ அதற்குள் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் தலைகீழாக்கியிருந்தான்.

"பேசாம எழுதிக் கேட்டுடுங்களேன்."

"வேணாம். வரமாட்டேன்னு அவ எழுத்துல எழுதிட்டா நான் எங்கப்பா போவேன்? காதுல விழுந்தாலாவது தப்பாக் கேட்டேன்னு நெனச்சுக்கலாம்."

போன் அடித்தது. அவளேதான்.

"அப்பா…" என்பது பக்கத்தில் நின்று கூப்பிடுவதுபோல் வந்தது. அவர் முகம் மலர்வதற்குள் அடுத்தது நொறுங்கியது. "…ட்டுமா?"

என்ன 'ட்டுமா'? வெச்சிடட்டுமா என்றுதானே கேட்கிறாள்! அவருக்குப் பதறிப்போயிற்று.

"வேணாம், வேணாம்! போயிடாதே!" என்று அலறினார்.

லைன் போய்விட்டது.

"மூணாவது மாடியில, சுத்தி இவ்வளவு சுவரு இருந்தா எப்படி மாமா? கீழ கேட்டுக்கிட்ட போங்க. வெட்டவெளி. கணீர்னு கேக்கும்."

செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கினார். கண் முழுக்க சிக்னல் கோட்டின் மேல். ஒரு கோடு வந்தது, போனது, கடைசிப் படியில் இன்னொன்றும் சேர்ந்தது. கேட்டருகே யாரோ பெட்டியோடு தெருவைப் பார்த்து நின்றிருந்தார்கள். ஆட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் நிற்கும் இடம்தான் அது. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் மகளை அழைத்தார். எங்கோ கிட்டத்தில் ஒரு போன் அடித்தது.

"அதான் சொல்லிட்டீங்களேப்பா, வேணாம் போயிடுன்னு. மேல வரட்டுமான்னு கேட்டது என் தப்புதான். கிளம்புறேன்."

ஒரு எழுத்து சிதறவில்லை. அடேயப்பா, டவர் சொன்னது சரிதான், வெட்டவெளி என்றால் வெட்டவெளிதான் என்று அவர் ஒரு கணம் மனதாரப் பாராட்டினார். பிறகுதான் உறைத்தது. போன் காதில் இருந்தது, குரல் காதுக்கு வெளியிலிருந்து வந்திருந்தது. மேல வரட்டுமாவா? எந்த மேலே?

தலையைத் தூக்கினார். பெட்டியோடு நின்றவளின் பிடரியில், குழந்தையிலிருந்தே எண்ணெய்க்கும் சீப்புக்கும் அடங்காத அதே சுழி.

"போயிடாதேன்னுதான்மா சொன்னேன்!"

அவள் திரும்பினாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. எதுவும் புரியாமல் அவரையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்போது, கடல் தாண்டிய நம்பரைச் சுற்றிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்த அவர் குரல், அவள் போனிலிருந்து ஒரு பிசிறும் இல்லாமல் ஒலித்தது: "போயிடாதேன்னுதான்மா சொன்னேன்."

மேலே ஜன்னலில் டவரின் தலை தெரிந்தது.

"மாமா, இப்போ தெளிவாக் கேக்குதா?"

கேக்குது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. இந்தத் தடவை சிக்னலைக் குறை சொல்ல முடியாது.