ஈறில் படாத தண்ணீர்

அடி அண்ணாமலையில் மோர்க்கடை போட்டிருக்கும் சந்திரம்மாள், பௌர்ணமியன்று கிரிவலம் போகிற ஊர் உலகத்துக்கெல்லாம் மோர் ஊற்றுவாள். ஆனால் தான் மலையைச் சுற்றி முடிக்கும்வரை தன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிட மாட்டாள். தம்பி புகழேந்தி பல் டாக்டராக வேண்டும் என்று ஆரம்பித்த விரதம் அது. அவன் டாக்டராகி, வேங்கிக்காலில் சொந்த ஆஸ்பத்திரியும் வைத்துவிட்டான். அவள்தான் விரதத்தை விடவில்லை.

ஒரு பௌர்ணமிக் காலையில், கீழ்வரிசை முன்பற்களின் ஈறு வீங்கி, தாடையைப் பிடித்துக்கொண்டு தம்பியிடம் வந்தாள். புகழேந்திக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அப்போதுதான் லேசர் கருவி வாங்கியிருந்தான். ஊரில் வேறு யாரிடமும் கிடையாது. கத்தி இல்லை, ரத்தம் இல்லை என்று வாசலில் போர்டு வேறு. அக்காவுக்குக் காட்டாமல் யாருக்குக் காட்டுவது?

ஊசி போட்டு ஈறு மரத்ததும் கருவியை எடுத்தான். அதன் நுனியிலிருந்து தண்ணீர் பீய்ச்சியதுமே அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“இன்னாடா இது? இன்னிக்கு என் வாய்ல தண்ணி படக்கூடாதுனு உனக்குத் தெரியாது?”

“சூடு ஏறாம இருக்கத்தான்க்கா. தொண்டைக்குப் போறதுக்குள்ள குழாய் உறிஞ்சிடும். வேணாம்னா நாளைக்கு வா.”

“நாளைக்கு வரைக்கும் இந்த வலிய நீயா தாங்கப் போற? தண்ணிய நிறுத்திட்டுப் பண்ணுடா.”

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் எழுப்பி அனுப்பியிருப்பான். ஊருக்குத்தான் அவன் டாக்டர். அக்கா வாயைத் திறந்தால் அரைக்கால் சட்டைப் பையன். தண்ணீரை நிறுத்தினான்.

சதை பொசுங்கும் வாடை வந்தது. ஈறு வெளுத்தது. அங்கேயே கையை எடுத்திருக்க வேண்டும், பாவி. ரத்தமே வராத வேலையின் அழகில் மயங்கி, ஒரே இடத்தில் வேர்வரை ஓட்டிக்கொண்டே போனான். அந்த இடத்தில் மெல்லிய ஈறுக்கு அடியிலேயே எலும்பு. கை பொறுக்காத வெந்நீரின் சூடு ஒரு நிமிஷம் நின்றால் போதும், எலும்பு செத்துவிடும். செத்தது வெளியே தெரியச் சில வாரம் ஆகும். இதெல்லாம் அவன் படித்துப் பாஸ் செய்த பாடம்தான். மரத்துப்போன வாயில் அவளுக்கோ சுட்டதே தெரியவில்லை.

“வலியே இல்லடா. தங்கக் கை உனக்கு” என்று அவனுக்குத் திருஷ்டி கழித்துவிட்டு மலை சுற்றக் கிளம்பினாள்.

அந்த மாதம் முடிவதற்குள் ஈறு விலகி, காய்ந்த சுண்ணாம்புபோல எலும்பு தெரிந்தது. புகழேந்தி தொட்டுப் பார்த்தான். அவளுக்கு உணர்ச்சியே இல்லை. அன்றே அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனான். ஆடிய பற்களைப் பிடுங்கி, செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். வாயைக் காயவிடாமல் அடிக்கடி மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும், சீழ் பரவினால் தாடையே மிஞ்சாது என்று சொல்லி அனுப்பினார்கள். புண் ஆறவில்லை.

அடுத்த பௌர்ணமியன்று மருந்து பாட்டிலோடு மோர்க்கடைக்குப் போனான். அக்கா தன் வாயின் நாற்றம் யார் மேலும் படக்கூடாதென்று முந்தானையால் மூடிக்கொண்டு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“கொப்பளிச்சிடுக்கா. உன் கால்ல விழுறேன்.”

“இன்னிக்கா? போடா. அன்னிக்கு நீ தண்ணிய நிறுத்துறதுக்கு முன்னாடியே ஒரு சொட்டு உள்ள போயிடுச்சு. உன்கிட்ட சொல்லல. விரதம் கெட்டுச்சு, சாமி வாய்லயே காட்டிட்டாரு. இனிமே பௌர்ணமிக்கு மொத நாள்லேர்ந்தே தண்ணி படாம இருக்கேன்னு வேண்டிக்கினேன்.”

“சாமி இல்லக்கா, நான். தண்ணி இல்லாம சுட்டுட்டேன். எலும்பக் கொன்னது நான்தான்.”

சந்திரம்மாள் அவனையே பார்த்தாள். முந்தானைக்கு மேலே அவள் கண்கள் சிரித்தன.

“என் மனசு தேறணும்னு பழிய நீ சுமக்குறியா? எனக்குத் தெரியாதா உன்னை?”

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். எதுவும் ஏறவில்லை. பாட்டிலை வாங்கி மோர்ப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டு, ஒரு டம்ளர் நிறைய மோர் ஊற்றி நீட்டினாள்.

“வெயில்ல வந்துருக்க. மொதல்ல இத குடி.”

அக்கா பேச்சைத் தட்டத் தெரியாதவன், அவள் பார்த்துக்கொண்டிருக்கக் குடித்து முடித்தான்.