பதினோரு நாள் முன்பு

எண்ணெய் கேனுக்கு ஒழுகாத மூடி கண்டுபிடித்தவன், பிளாஸ்டிக் மூடி வார்க்கிற பட்டறையில் அச்சு மாட்டுகிற ஃபிட்டர். உள்ளே தனி வாஷர் கிடையாது. மூடியோடு சேர்த்தே வார்த்த மெல்லிய விளிம்பு ஒன்று, திருகினால் கேனின் வாயைக் கவ்விக்கொள்ளும். அதற்காக இரண்டு வருஷம் மாடாய் உழைத்தான். காப்புரிமை கிடைத்தால் சொந்தப் பட்டறை. கிடைக்காவிட்டால் சாகும்வரை அடுத்தவன் அச்சைத் துடைக்க வேண்டியதுதான்.

காப்புரிமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதே பட்டறையில் அக்கா புருஷன்தான் கடை கடையாகச் சரக்குப் போடுகிறவர். அவர் முகம் வெளிறிப்போய் அதை நீட்டினார். "முழுசாப் படி மாப்ள."

முழுசாகப் படிக்கிற பொறுமை இவனுக்கு எந்த ஜென்மத்தில் இருந்தது? விண்ணப்பத்துக்குப் பதினோரு நாள் முன்பே இந்த மூடி ஒரு கடையில் புழங்கியிருக்கிறது, ஆகவே புதியதல்ல, உரிமை கிடையாது. முதல் பக்கத்தோடு நிறுத்திவிட்டான்.

"கடைக்குப் போறவரு நீங்க ஒருத்தர்தான மாமா?"

"அது இல்லடா, கடைசிப் பக்கத்த..."

குத்து வாயில் விழுந்தது. மெஷின்மேல் சாய்ந்தவரை இழுத்துத் தரையில் போட்டு, ஸ்பேனரை எடுத்தான். தோளில் ஒன்று. முழங்கையில் ஒன்று, எலும்பு முறிகிற சத்தம் மெஷின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. "கடைசிப்..." என்றார் மாமா, ரத்தத்தோடு ஒரு பல்லையும் துப்பி. இவன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்தான்.

"என் ரெண்டு வருஷத்த வித்துத் தின்னுட்டியேடா!" மரியாதை காற்றில் போயிற்று. முகமென்று பாராமல் குத்தினான். தன் விரல் கிழிந்ததுகூடத் தெரியவில்லை.

பேக்கிங் அறையிலிருந்து ஓடிவந்த அக்கா, தலைமுடியைப் பிடித்து இவனைப் பின்னால் இழுத்துத் தள்ளினாள். சிதறிக் கிடந்த தாள்களில் கடைசியைப் பொறுக்கி இவன் மூஞ்சிக்கு நேரே பிடித்தாள்.

போட்டிக் கம்பெனிக்காரன் சாட்சியாகக் கொடுத்த துண்டுச்சீட்டின் நகல் அது. 'அண்ணே, புது மூடி இருபது வச்சிருக்கேன். கேனைக் கவுத்து வைங்க. ஒழுகினா சொல்லுங்க.' கீழே தேதி, கையெழுத்து.

"யார் எழுத்துடா இது?"

எந்த அச்சானாலும் முதலில் வார்த்த மூடிகளை வீட்டுக்குப் போகிற வழியில் கடையில் கொடுத்துப் பார்க்காவிட்டால் இவனுக்குத் தூக்கம் வராது. இதையும் கொடுத்திருந்தான். சுத்தமாக மறந்திருந்தான்.

"ஒழுகவே இல்லன்னு கடைக்காரரு சொன்னாருக்கா," என்றான் பைத்தியம்போல.

"காலையிலயே இவரு படிச்சிட்டாருடா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு என்கிட்ட வந்து அழுதாரு."

வெட்கம் நெருப்பாய்ச் சுட்டது. மண்டியிட்டு மாமாவைத் தூக்கக் கையை நீட்டினான். அவர் உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குதிகாலால் தரையை உந்தி உந்திப் பின்னால் நகர்ந்தார்.